மருத்துவமனை யார் கையில்? ஜிப்மர், அண்ணாமலை நகர் பற்றி வாசகர் கேள்வி பதில்

பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நம் பகுதி மருத்துவமனைகள் எப்போது யார் கைக்கு மாறின என்று கேட்டுப் புதுவை, கடலூர் வாசகர்கள் எழுதியிருந்தார்கள். வரலாற்று ஆர்வத்தில் கேட்டவர்கள் சிலர்தான். பலருக்குச் சான்றிதழோ, கட்டணமோ, பழைய கேஸ் ஷீட்டோ சிக்கிக்கொண்டிருக்கிறது. தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஜிப்மர் தொடங்கியது 1823 என்கிறார் ஒருவர், 1956 என்கிறார் இன்னொருவர், 1964 என்றும் படித்திருக்கிறேன். போட்டித் தேர்வில் எதை எழுதுவது?
– வாசகர், லாஸ்பேட்டை

கேள்வியை எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். 1823 என்பது பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் ஏற்பட்ட ‘எக்கோல் தெ மெதிசின்’ என்ற மருத்துவப் பள்ளியின் ஆண்டு. தன் வேர் அங்கே இருப்பதாகத்தான் ஜிப்மர் சொல்கிறது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதன்பின் 1956இல் மத்திய அரசு இதைத் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆக்கியது. கல்லூரியின் பெயர் மாறிவிட்டாலும் கோரிமேட்டில் ‘தன்வந்திரி நகர்’ என்ற முகவரி இன்றும் இருக்கிறது. ஜிப்மருக்குத் தபால் போடும்போது எழுதுவது அதைத்தான்.

1964 மே 27இல் நேரு மறைந்தார். இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 13இல், கல்லூரி முதுநிலை நிறுவனமாக உயர்த்தப்பட்டு அவர் பெயரால் ‘ஜவாஹர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்’, அதாவது ஜிப்மர், ஆனது. தொடங்கிவைத்தவர் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். அதுமுதல் 2008 வரை டெல்லியில் உள்ள மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககத்தின் கீழ் ஓர் அரசு அலுவலகம் போலவே அது இயங்கியது. 2008ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2008 ஜூலை 14. ஜூலை 13, ஜூலை 14 என்று இரண்டு தேதிகளும் ஒட்டி வருவதால் வினாத்தாளில் மாற்றிக் குறித்துவிடுபவர்கள் நிறையப் பேர். ‘ஜிப்மர் என்ற பெயரில் எப்போது?’ என்று கேட்டால் 1964. ‘தன்னாட்சி எப்போது?’, ‘சொந்தமாகப் பட்டம் தரும் உரிமை எப்போது?’ என்றால் 2008.

என் அப்பா 1970களில் ஜிப்மரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். வெள்ளத்தில் பட்டச் சான்றிதழ் போய்விட்டது. நகலுக்குக் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

காலாப்பட்டுக்குப் போக வேண்டாம். அப்பா படித்த காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகமே கிடையாது. அது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய பேட்ச்களுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். புதுவைப் பல்கலைக்கழகத்தோடு ஜிப்மர் இணைந்த பிறகு 2008 மாற்றம் வரை படித்தவர்களுக்குக் காலாப்பட்டு, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஜிப்மரே. ஒரே கட்டடத்தில் படித்தவர்கள் மூன்று இடத்துப் பட்டம் வைத்திருக்கிறார்கள். எல்லைக் காலத்தில் படித்தவர்கள் கடைசித் தேர்வு எழுதிய ஆண்டை மட்டும் பார்க்காமல், மதிப்பெண் பட்டியலின் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சேர்ந்த ஆண்டுதான் பெரும்பாலும் முடிவு செய்யும்.

முதலில், சான்றிதழ் தொலைந்தது குறித்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றை வாங்கிவிடுங்கள். அடுத்து, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பெயருக்கு விண்ணப்பம். அங்கே முதலில் கேட்பது பதிவு எண்ணும் தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டும். அவை கையில் இல்லையென்றால் அப்பாவின் மருத்துவ கவுன்சில் பதிவு உதவும். பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகம், தேர்ச்சி ஆண்டு மூன்றும் அந்தப் பதிவேட்டில் ஒரே வரியில் இருக்கும். ஜிப்மரின் கல்விப் பிரிவில் பேட்ச் விவரத்தைச் சொல்லி, படித்ததற்கான சான்று ஒன்றையும் வாங்கி இணையுங்கள். விண்ணப்பத்தில் பெயர், தந்தை பெயர், தலைப்பெழுத்து மூன்றும் பழைய பட்டத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். ஆதாரில் இருப்பது போல விரித்து எழுதி, ஆள் வேறோ என்ற சந்தேகத்தில் விண்ணப்பம் திரும்பி வருவதுண்டு.

சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2013லேயே அரசு எடுத்துக்கொண்டது என்கிறார்கள். பிறகு ஏன் 2021 வரை மாணவர்கள் லட்சக்கணக்கில் கட்டினார்கள்?
– வாசகர், பரங்கிப்பேட்டை

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். எட்டு ஆண்டு எத்தனையோ குடும்பங்கள் நகையையும் நிலத்தையும் வைத்துக் கட்டிய பணம் இது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் நிறுவப்பட்டது. 1985இல் பல்கலைக்கழகமே சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இந்த மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. ‘இணைவுக் கல்லூரி’ வேறு, ‘உறுப்புக் கல்லூரி’ வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் மேலே போக முடியாது. இணைவுக் கல்லூரிக்கு நிர்வாகம் ஒருவரிடம், பட்டம் இன்னொருவரிடம். உறுப்புக் கல்லூரியில் நிலம், கட்டடம், சம்பளம், தேர்வு, பட்டம் எல்லாமே பல்கலைக்கழகத்திடம். அண்ணாமலை நகர்க் கல்லூரி இரண்டாவது வகை. அதனால்தான் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வந்து தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் அதன் கீழ் போனபோதும் இது போகவில்லை.

பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடியில் விழுந்ததும் 2013இல் அரசு தலையிட்டது. முதலில் நிர்வாகி ஒருவரை நியமித்தது, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம், 2013 கொண்டுவந்தது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அரசு எடுத்துக்கொண்டது பல்கலைக்கழகத்தை. மருத்துவக் கல்லூரி அதன் உறுப்பாகவே தொடர்ந்தது. பல்கலைக்கழகத்தைக் கவனிப்பது உயர்கல்வித் துறை. அரசு மருத்துவக் கல்லூரிகளைக் கவனிப்பது மக்கள் நல்வாழ்வுத் துறை. அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர், நர்ஸ் சம்பளம் முதல் மருந்து வரை நேரடியாக அரசு பட்ஜெட்டில் இருந்து வரும். பல்கலைக்கழகத்துக்கோ மொத்தமாக ஒரு மானியம்தான். மீதியைக் கட்டணத்தில் திரட்ட வேண்டும். மிகை ஊழியர்களை வேறு துறைகளுக்கு அனுப்பிப் பணி நிரவல் செய்துகொண்டிருந்த நிர்வாகத்துக்கு மருத்துவ, பல் மருத்துவக் கட்டணம் முக்கிய வருமானம். ஆகவே பலகையில் ‘அரசு’ வந்தும் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணம் 5.44 லட்சம் ரூபாயிலேயே நின்றது. அதே காலத்தில் அரசுக் கல்லூரியில் 13,610 ரூபாய்.

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வாரக்கணக்கில் நீண்டது, விடுதியும் உணவகமும் மூடப்பட்டன. 2021 ஜனவரி இறுதியில் வந்த அரசாணை மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி மூன்றையும் உயர்கல்வித் துறையிலிருந்து பிரித்து மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் கொடுத்தது. கட்டணக் குறைப்பு தனி ஆணையாக அடுத்து வந்தது. பெருந்துறையிலும் இதே கதைதான் நடந்தது. போக்குவரத்துத் துறையின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்திய மருத்துவக் கல்லூரி 2019இல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறிய பிறகே முழு அரசுக் கல்லூரி ஆனது. பெருந்துறை என்ற முன்மாதிரி கண்முன் இருந்தும் அண்ணாமலை நகர் மாணவர்களை அத்தனை நாள் தெருவில் உட்காரவைத்தது நியாயமே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. துறை மாற்றத்தை 2013லேயே செய்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் கட்டண ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வங்கிக் கல்விக் கடன், வருமான வரிக் கழிவு, கட்டணத் தகராறு எதுவானாலும் எந்தக் கல்வியாண்டுக்கான ரசீது, யார் பெயரில் கொடுத்தது என்பதில்தான் போய் நிற்கும்.

மகளுக்கு ‘அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி’ என்று ஒதுக்கீட்டு ஆணை வந்திருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் விசாரித்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள்.
– வாசகி, பண்ருட்டி

பதற வேண்டாம். பெயரில் உள்ள ‘கடலூர்’ நகரத்தின் பெயர் அல்ல, மாவட்டத்தின் பெயர். கல்லூரி இருப்பது கடலூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று இருந்தது அதுதான். ரயிலில் வருபவர்கள் சிதம்பரத்தில் இறங்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரிலோ கடலூர் துறைமுகத்திலோ இறங்கிவிடாதீர்கள். சேர்க்கைக்குக் கடைசி நாள், மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற நிலையில் இந்தக் குழப்பம் வந்தால் சீட்டுக்கே ஆபத்து. முதல் நாளே போய் இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கடலூர் நகரில் இருப்பது மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை. அது மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ், இணை இயக்குநர் பார்வையில் இருக்கிறது. கல்லூரி மருத்துவமனை இருப்பது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். ஒரே துறைதான், ஆனால் இயக்ககம் வேறு. பல மாவட்டங்களில் தலைமை மருத்துவமனையையே உயர்த்திக் கல்லூரி மருத்துவமனை ஆக்கினார்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 புதிய கல்லூரிகளில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியும் அரியலூரும் உண்டு. கடலூர் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே ஏற்கெனவே இருந்த கல்லூரியே மாவட்டக் கல்லூரி ஆகிவிட்டது. கடலூர் நகரத்து நோயாளிக்கு இது அனுகூலம் அல்ல. தலைமை மருத்துவமனையில் முடியாத சிகிச்சைக்கு சிதம்பரத்துக்கோ கோரிமேட்டுக்கோ விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்துக்கோ பரிந்துரைச் சீட்டோடு ஆம்புலன்ஸில் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் மகளுக்குப் பட்டம் தரப்போவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். மாற்றத்துக்கு முன் சேர்ந்த சீனியர்களின் பட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று இருக்கும். இரண்டும் செல்லும். பின்னாளில் வெளிநாட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரிப் பெயரைப் பட்டத்தில் உள்ளபடி எழுதி, ‘தற்போது இன்ன பெயர்’ என்று சேர்த்து, பெயர் மாற்ற அரசாணை நகலையும் கல்லூரி முதல்வரின் கடிதத்தையும் இணைப்பது சீனியர்கள்தான் செய்ய வேண்டிய வேலை.

2019இல் விபத்தில் அடிபட்டு ராஜா முத்தையா மருத்துவமனையில் இருந்தேன். இழப்பீட்டு வழக்குக்கு ஏ.ஆர். காப்பியும் கேஸ் ஷீட்டும் வேண்டும். அப்போது பல்கலைக்கழகம், இப்போது அரசு. யாரிடம் கேட்பது?
– வாசகர், புவனகிரி

இரண்டு ஆவணத்துக்கும் வழி வேறு. ஏ.ஆர். காப்பி என்பது விபத்துப் பதிவேட்டின் நகல். அடிபட்டவர் வந்த நேரம், யார் கொண்டுவந்தார், எப்படி அடிபட்டதாகச் சொன்னார், காயங்களின் அளவு, இவை அதில் இருக்கும். அது காவல் துறைக்குப் போகும் ஆவணம். எனவே முதலில் வழக்குப் பதிந்த காவல் நிலையத்தையோ, குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தால் நீதிமன்றத்தையோ அணுகுங்கள். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று ஆகியவற்றோடு அதுவும் கட்டாகவே கிடைக்கும்.

சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட் மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில், அதாவது எம்.ஆர்.டி.யில் இருக்கும். துறை மாறியதால் அலமாரி மாறிவிடுவதில்லை, மருத்துவமனையிலேயே கேளுங்கள். ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வார்டு, அடையாள அட்டை நகல் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு பக்கம் இருந்தாலே ஐ.பி. எண் அதன் தலையில் இருக்கும். ஐ.பி. எண் இல்லாமல் பெயரையும் மாதத்தையும் மட்டும் சொன்னால் தேடுவது மிகக் கஷ்டம். வக்கீல் குமாஸ்தா போவதானால் உங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் அவர் கையில் இருக்கட்டும்.

உங்கள் சிக்கல் ஆண்டுதான். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளி ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2019 ஆவணத்துக்கு அந்த மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. ஆனால் விபத்து, தாக்குதல் போன்ற சட்டம் சார்ந்த கேஸ்களைப் பொதுவாகத் தனியே, நீண்ட காலம் வைப்பார்கள். ஆகவே விண்ணப்பத்தில் ‘இது மெடிகோ லீகல் கேஸ்’ என்று தெளிவாக எழுதி, குற்ற எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள். வாய்மொழியாக ‘இல்லை’ என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து, ஆவணத்தோடு வரும்படி எம்.ஆர்.டி. அலுவலருக்கு, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் மூலம் சம்மன் அனுப்ப வக்கீல் மனுப் போடலாம். அப்போது கட்டிய பில்லின் நகல் வேண்டுமென்றால் அது பல்கலைக்கழகக் கணக்கில் வரவான பணம். பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கும் தனியே ஒரு கடிதம் எழுதுங்கள்.

ஜிப்மரில் குழந்தை பிறந்தது. நாங்கள் திண்டிவனம். பிறப்புச் சான்று எங்கள் நகராட்சியிலா?
– வாசகி, திண்டிவனம்

இல்லை. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஜிப்மர் இருப்பது உழவர்கரை நகராட்சி எல்லையில். 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு, தாய், தந்தை பெயரின் எழுத்துக் கூட்டலைப் படிவத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

மருத்துவமனை சேவை பற்றிப் புகார் சொல்ல ‘டீனைப் பாருங்கள்’ என்றார்கள். ஜிப்மரில் டீன் அலுவலகத்தில் இது எங்கள் வேலை இல்லை என்கிறார்கள்.
– வாசகர், வில்லியனூர்

அவர்கள் சொன்னது சரிதான். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் டீன் என்றால் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் சேர்த்து ஒரே தலைவர். அவருக்குக் கீழே மருத்துவக் கண்காணிப்பாளர், பிறகு நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ. வார்டு, படுக்கை, ஸ்ட்ரெச்சர், சுத்தம் எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியவர் ஆர்.எம்.ஓ.தான், நேரடியாக டீனுக்குப் போனாலும் மனு அவரிடமே இறங்கி வரும். ஜிப்மரில் தலைவர் இயக்குநர். அங்கே டீன் கல்விப் பக்கத்தைப் பார்ப்பவர். மருத்துவமனைப் புகாரை மருத்துவக் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். ஆஸ்பத்திரி எண், தேதி, நேரம், பிரிவு நான்கையும் எழுதி, நகலில் சீல் போட்டு வாங்குங்கள். அதற்கும் மேலே போவதானால் ஜிப்மருக்கு மத்திய சுகாதார அமைச்சகம், புதுவை அரசு அல்ல. முதல்வர் அலுவலகத்துக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ எழுதும் மனு அங்கிருந்து டெல்லிக்குப் பரிந்துரையாகப் போகலாம், ஆணையாகப் போக முடியாது.

புதுவையில் இந்திரா காந்தி பெயரில் இரண்டு மருத்துவமனை இருக்கிறதே?
– வாசகர், நெட்டப்பாக்கம்

நகரத்துக்குள் விக்டர் சிமோனல் வீதியில் இருப்பது அரசு பொது மருத்துவமனை; புதுவை அரசின் சுகாதாரத் துறை நேரடியாக நடத்துவது. கதிர்காமத்தில் இருப்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2010இல் தொடங்கியது. அரசு ஏற்படுத்திய பெருந்தலைவர் காமராஜர் பெயரிலான சங்கம் நடத்துகிறது, பட்டம் புதுவைப் பல்கலைக்கழகத்துடையது. ஓ.பி. சீட்டை மாற்றிக்கொண்டு போனால் பழைய குறிப்பு எதுவும் கிடைக்காது.

முதுகலை வரலாறு படிக்கிறேன். இந்த மருத்துவமனைகளின் நிர்வாக வரலாற்றை ஆய்வேடாக எழுத ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?
– மாணவர், விருத்தாசலம்

நல்ல தலைப்பு எடுத்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரண்டு மொழி, மூன்று அரசாங்கங்களின் ஆவணம் தேட வேண்டிவரும். ஒன்றை மட்டும் எடுங்கள்.

ஜிப்மர் என்றால் பிரெஞ்சுக் காலத்துக்குப் பிரெஞ்சு மொழி தெரியாமல் முடியாது. புதுவை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் பழைய அரசு வெளியீடுகளைத் தேடுங்கள். துறைத் தலைவரின் கடிதம், இரண்டு புகைப்படம், அடையாள அட்டை இல்லாமல் காப்பகத்துக்குப் போகாதீர்கள். முதல் நாள் பட்டியலைப் பார்ப்பதிலேயே போய்விடும்; கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டு அடுத்த நாளுக்குக் கேட்பது புத்திசாலித்தனம். 1956க்குப் பிந்தைய காலத்துக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளும் நாடாளுமன்ற விவாதங்களும் போதும். 2008 மசோதா விவாதத்தில் ஊழியர் நிலை, இலவச சிகிச்சை தொடருமா என்ற கேள்வி, உள்ளூர் மாணவர் ஒதுக்கீடு எல்லாம் பேசப்பட்டிருக்கின்றனவா என்று வரிவரியாகப் படியுங்கள்.

அண்ணாமலை நகர் என்றால் வேலை தமிழிலேயே நடக்கும். சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புதான் முதுகெலும்பு. உயர்கல்வித் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 20, மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு எண் 19. 2013 முதல் 2021 வரை இரண்டு துறைக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கல்லூரி ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்கு நகர்வது கண்ணுக்குத் தெரியும். அரசாணையைக் குறிக்கும்போது வெறும் எண் போதாது. ‘நிலை’ ஆணையா, ‘வாலாயம்’ ஆணையா, ‘டி’ ஆணையா, எந்தத் துறை, எந்தத் தேதி என்று முழுதாக எழுதுங்கள். ஒரே எண்ணில் அதே ஆண்டில் வேறு வேறு துறைகள் ஆணை போட்டிருக்கும். சட்டம் என்றால் பேரவையில் நிறைவேறிய நாள், ஒப்புதல் கிடைத்த நாள், அரசிதழில் வந்த நாள், நடைமுறைக்கு வந்த நாள் நான்கும் வேறாக இருக்கலாம். ஆய்வேடுகளில் அதிகம் தவறுவது இங்கேதான்.

கிடைக்காத கோப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. கட்டணம் பத்து ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம், ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனத்துக்குப் போஸ்டல் ஆர்டர். ஸ்டாம்ப் ஒட்டி ஜிப்மருக்கு அனுப்பினால் கட்டணம் செலுத்தவில்லை என்று திருப்பிவிடுவார்கள். 2021க்கு முந்தைய கோப்பு பல்கலைக்கழகத்திலா, கல்லூரியிலா என்று தெரியாவிட்டால் ஒரு இடத்துக்கு அனுப்பி, ‘பிரிவு 6(3)இன்படி உரிய அலுவலகத்துக்கு மாற்றவும்’ என்று எழுதுங்கள். ஐந்து நாளுக்குள் மாற்ற வேண்டியது அவர்கள் கடமை. பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு அடுத்த 30 நாள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். அது அண்ணாமலை நகருக்கு மாநிலத் தகவல் ஆணையம், ஜிப்மருக்கும் புதுவை அரசுக்கும் மத்தியத் தகவல் ஆணையம். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன பொருள் குறித்த கோப்பின் குறிப்புப் பக்கங்களும் கடிதப் பக்கங்களும்’ என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். நோயாளிகள், மாணவர்களின் தனிப்பட்ட விவரம் கலந்த பக்கங்களைத் தர மாட்டார்கள். அந்தப் பகுதியை மறைத்துக் கொடுக்கும்படி விண்ணப்பத்திலேயே சேர்த்து எழுதிவிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.